அரபு மரக்கலத்தைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

துபாயில் தேரா பக்கம் க்ரீக் என்ற கடற்கழி ஓரமாக நடந்தவர்களுக்குப் பழகிய காட்சி இது. மரக்கலங்கள் இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி நிற்கும். கரையில் ஃபிரிட்ஜ், டயர், அரிசி மூட்டை என்று சரக்கு குவிந்திருக்கும். நாம் ஒரு போட்டோ எடுத்து, கீழே "தௌ" என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயரே அவர்களுடையது இல்லை.

அரபு மாலுமிகள் தங்கள் கலங்களைத் தௌ என்று சொல்வதில்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் ஸ்வாஹிலி மொழியில் "தாவ்" என்றொரு படகு உண்டு. ஆங்கிலேயர் அந்தப் பெயரை எடுத்து எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டார்கள் என்பது பரவலான கருத்து. வளைகுடாக்காரர் பொதுவாகச் சொன்ன சொல் "கஷப்". அதற்கு அர்த்தம் மரம், அவ்வளவுதான். நாம் மரக்கலம் என்கிறோமே, அதே யோசனை. மோட்டார் வைத்த கலத்துக்கு இன்று "லாஞ்ச்" என்பார்கள்.

பொதுப் பெயர் இப்படி இருக்க, தனிப்பெயர்கள் ஏராளம்: பூம், சம்பூக், பக்லா, ஜல்பூத், பதன், பத்தீல். ஒரு கலத்தைப் பார்த்ததும் இதில் எது என்று சொல்ல முடிந்தால், அது எங்கே பிறந்தது, எதைச் சுமந்தது என்பதில் பாதி தெரிந்துவிடும். அதற்கான வழியைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியக் கப்பல்களைப் பாய்மரம் எத்தனை, பாய் எப்படி என்று பார்த்துப் பெயரிட்டார்கள். அரபுக் கலங்களுக்கு அந்தக் கணக்கு உதவாது. பாய் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உடலின் வடிவம்தான் பெயர் தருகிறது. ஆகவே மேலே அண்ணாந்து பார்க்காதீர்கள்.

படி 1: முதலில் பின்பக்கம் போய் நில்லுங்கள்

எல்லோரும் கலத்தின் முகப்பைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பின்னால் போங்கள். பின்பக்கம் முன்பக்கம் போலவே கூராக முடிகிறதா, இல்லை சுவர் வைத்ததுபோல் தட்டையாக முடிகிறதா? இந்த ஒரு கேள்வியிலேயே கலங்கள் இரண்டு பெரிய குடும்பமாகப் பிரிந்துவிடும்.

இரண்டு முனையும் கூராக இருப்பது பழைய வடிவம். பூம், பதன், பத்தீல், ஏமன் கரையின் சரூக் எல்லாம் இந்தக் குடும்பம். தட்டைப் பின்சுவர் வைத்தவை பக்லா, கன்ஜா, சம்பூக், ஜல்பூத், ஷூயி. போர்த்துக்கீசியர் 1498-இல் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்த பிறகு, அவர்களுடைய கப்பலைப் பார்த்து வந்த வடிவம் இது என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. பழைய பக்லாவின் பின்சுவரில் வரிசையாகச் சன்னல்களும், பூவும் கொடியுமாகச் செதுக்கு வேலையும் இருக்கும். மேலே அரபுக் கலம், பின்னால் ஐரோப்பிய அரண்மனை. பக்லா என்றால் பெண் கோவேறு கழுதை. சுமை சுமப்பதால் வந்த பெயர் என்று பொதுவாகச் சொல்வார்கள். இவ்வளவு அலங்காரம் செய்த கழுதையை வேறெங்கும் பார்க்க முடியாது.

படி 2: இப்போது அணியத்துக்கு வாருங்கள்

அணியம் என்றால் கலத்தின் முன்முனை. நம் மீனவர்கள் இன்றும் சொல்லும் சொல். குடும்பம் பின்பக்கத்தில் தெரிந்தது, ஆள் யார் என்பது இங்கே தெரியும்.

முன்மரம் அம்பு மாதிரி நேராக, நீளமாக, சாய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பூம். அதன் நுனியில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் பூச்சு இருக்கும். குவைத் தந்த வடிவம் இது. குவைத் நாணயம் ஒன்று கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், அதிலும் பூம்தான் ஓடிக்கொண்டிருக்கும். செதுக்கு வேலை கொண்ட பின்சுவர் கட்டுவதற்குச் செலவும் நாளும் அதிகம். பூமுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபோது பூம் மெல்ல மெல்லப் பக்லாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

முன்மரம் வாள் போல வளைந்து, நுனி வெட்டுப்பட்டிருந்தால் சம்பூக். செங்கடலிலும் தென் அரபுக் கரையிலும் அதிகம் ஓடியது, முத்துக் குளிக்கவும் போனது. முன்மரம் கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றால் ஜல்பூத். இதுவும் முத்துக்கலம்தான், பஹ்ரைன் பக்கம் நிறைய இருந்தது. ஷூயி, சம்பூக்கின் தம்பி. சின்னது, எளிமையானது. மீன்பிடிக்கு இன்றும் இந்த வடிவம் ஓடுகிறது.

முன்மரத்தின் உச்சியில் மூவிதழ்ப் பூப்போல ஒரு கொண்டை இருந்தால் அது கன்ஜா. அரபு உச்சரிப்புப்படி எழுதப் போனால் தமிழில் வேறு பொருளாகி, போலீஸ் வந்து நிற்கும். அதனால் நான் கன்ஜா என்றே எழுதுகிறேன். ஓமானின் சூர் நகரம் கன்ஜாவுக்குப் பேர்போனது. இதன் நெருங்கிய உறவு குஜராத்தின் கோட்டியா. அதில் கொண்டைக்குப் பதில் கிளித்தலை வைப்பார்கள். எந்தக் கரையில் பிறந்தது எந்தக் கரைக்குப் போனது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன.

ஓமானின் வடமுனையான முசந்தம் பக்கம் போனால் பத்தீல் பார்க்கலாம். பின்மரம் உயரமாக எழுந்து நிற்கும். சோழிகளைக் கோத்து அலங்கரிப்பார்கள். கண்ணேறு கழிக்கிற விஷயம் எந்தக் கடலோரத்திலும் ஒன்றுதான்போல.

படி 3: பலகையைத் தொட்டுப் பாருங்கள், தைத்ததா அறைந்ததா?

எனக்கு மிகப் பிடித்த படி இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இன்று நீங்கள் பார்க்கும் கலங்களில் அநேகமாக எல்லாம் ஆணி அறைந்தவை. ஆனால் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக அரபுக் கலங்கள் துணி தைப்பதுபோல் தைக்கப்பட்டன. இரண்டு பலகைகளின் விளிம்பிலும் வரிசையாகத் துளை போடுவார்கள். பலகைகளை விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து, இடுக்கின் மேல் தென்னை நார்த் திரணையை வைத்து, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தென்னங்கயிற்றால் இழுத்துத் தைப்பார்கள். கயிறு தளர்ந்தால் எல்லாம் போச்சு. அதனால் உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் என்று இருவர் சேர்ந்து, நெம்புகோல் போட்டு இறுக்குவார்கள். பிறகு துளையில் ஆப்பு அடித்து அடைப்பார்கள்.

ஆணி தெரியாமல் இல்லை. இரும்பு விலை கூடியது என்பது ஒரு காரணம். இன்னொன்று, தைத்த உடல் வளைந்து கொடுக்கும். அலை தூக்கிக் கரையில் போட்டாலும் விரிசல் விடாது. கயிறு இற்றுப்போனால் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொள்ளலாம். கடலுக்கடியில் காந்தமலை இருக்கிறது, ஆணியைப் பிடுங்கிவிடும் என்ற கதையும் பயணிகளிடையே ஓடியது. கதை நன்றாக இருக்கிறது, அதோடு விட்டுவிடலாம்.

13-ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ் வந்த மார்க்கோ போலோவுக்கு இந்தத் தையல் கலங்கள் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மோசமான கலங்கள், நிறைய மூழ்குகின்றன என்று எழுதி வைத்தார். அவருக்கு நூறு வருடம் முன்பு ஹஜ் பயணம் போன இப்னு ஜுபைர், செங்கடல் கரையில் இதே வேலையைப் பார்த்துப் பொறுமையாக விவரித்திருக்கிறார். தென்னை நாரை அடித்துக் கயிறாக்கித் தைக்கிறார்கள், பிறகு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுகிறார்கள், சுறா எண்ணெய்தான் சிறந்தது என்று சொல்கிறார். இருவரில் நான் இப்னு ஜுபைர் பக்கம். எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்தவர்.

போலோவின் தீர்ப்புக்கு ஒரு பதில் 1998-இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கடலடியில் கிடைத்தது. 9-ஆம் நூற்றாண்டுத் தையல் கலம் ஒன்று, கிட்டத்தட்ட 60,000 சீனப் பீங்கான் பொருட்களோடு. ஒரு கிண்ணத்தில் பொறித்திருந்த தேதி கி.பி. 826-க்குச் சமம். ஆணி இல்லாத கலம் சீனம் வரை போய்ச் சரக்கு ஏற்றித் திரும்பிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதன் வடிவத்தை ஒட்டி ஓமானில் 18 மீட்டர் நீளத்தில் ஒரு கலத்தை ஆணியின்றித் தைத்தார்கள். பெயர் ஜுவல் ஆஃப் மஸ்கட். 2010 பிப்ரவரியில் மஸ்கட்டை விட்டு, கொச்சி தொட்டு இலங்கைக்கு வந்தது. காலித் துறைமுகத்தில் புதிய பாய்மரங்கள் நட வேண்டியதாயிற்று. அப்புறம் வங்கக்கடல் கடந்து ஜூலையில் சிங்கப்பூர் சேர்ந்தது. அதற்கு முப்பது வருடம் முன்பே, 1980 நவம்பரில், சூரில் தைத்த சோஹார் என்ற கலம் மஸ்கட்டிலிருந்து கிளம்பி 1981 ஜூலையில் சீனத்தின் காண்டனை அடைந்திருந்தது. சோஹாரைத் தைக்க லட்சத்தீவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அந்தக் கை அங்கேதான் மிச்சமிருந்தது.

தையல் படகு நமக்கும் புதிதல்ல. சோழமண்டலக் கரையில் அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கப்பலுக்கு ஆள் ஏற்றிய மசூலாப் படகும் இப்படித் தைத்ததுதான். துறைமுகம் இல்லாத சென்னையில் வந்திறங்கிய ஆங்கிலேயர் அதில்தான் நனைந்துகொண்டே கரை சேர்ந்தார்கள்.

படி 4: உள்ளே இறங்கி விலா எலும்பைத் தேடுங்கள்

அனுமதி கிடைத்தால் கலத்துக்குள் இறங்கிப் பாருங்கள். ஐரோப்பியத் தச்சர் முதலில் எலும்புக்கூட்டை நிறுத்தி, பிறகு அதன் மேல் பலகையைப் போர்த்துவார். அரபு முறை தலைகீழ். முதலில் ஏரா, அதாவது கலத்தின் முதுகெலும்பு. அதன் இரு முனையிலும் முன்மரமும் பின்மரமும் நிற்கும். பிறகு பலகைகள் கீழிருந்து மேலே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். தோல் ஓரளவு வளர்ந்த பிறகுதான் உள்ளே வளைவுக் கட்டைகளைப் பொருத்துவார்கள். ஒவ்வொரு கட்டையையும் அந்த இடத்தின் வளைவுக்கு ஏற்ப வாய்ச்சியால் செதுக்கவேண்டும். ஆகவே இரண்டு கலம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது.

வரைபடம் கிடையாது. எல்லாம் உஸ்தாத் என்று அழைக்கப்படும் தலைமைத் தச்சரின் கண்ணில்தான். குவைத், பஹ்ரைன் பக்கம் தச்சரைக் கல்லாஃப் என்பார்கள். கருவிகளும் கொஞ்சம்தான்: வாய்ச்சி, ரம்பம், உளி, வில் கட்டி இழுத்துச் சுழற்றும் துரப்பணம். ஆணி அடிக்கும்போது அதன் தலைக்குக் கீழே எண்ணெயில் ஊறிய பஞ்சைச் சுற்றுவார்கள், துளை வழியே தண்ணீர் ஏறாமலிருக்க. பலகை இடுக்குகளிலும் எண்ணெய்ப் பஞ்சைத் திணித்து அடைப்பார்கள். இந்த வேலைக்கு நம் துறைமுகங்களில் கலப்பற்று என்று பெயர். அரபியில் கல்ஃபத்தா. போர்த்துக்கீசியர் வாய் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொல்.

படி 5: மரம் எந்த ஊர் என்று கேளுங்கள்

அரபுக் கரையில் மரம் இல்லை. அந்தக் கலங்களின் கதையில் பாதி இந்த ஒரு குறைதான். ஏராவுக்கும் பலகைக்கும் தேக்கு மலபாரிலிருந்து போனது. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் கடல்நீரில் சீக்கிரம் கெடாது, உள்ளே போன இரும்பாணியும் துருப்பிடிக்கத் தயங்கும். பாய்மரத்துக்கு நேராக வளரும் புன்னை வகை மரங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்துதான். தைக்கிற கயிறு மலபார், லட்சத்தீவு, மாலத்தீவுகளிலிருந்து. உள்ளூரில் கிடைத்தது வேல மரமும் இலந்தையும். இவை கோணல்மாணலாக வளரும், வீட்டுக்கு உதவாது. ஆனால் வளைவுக் கட்டைக்கு அந்தக் கோணல்தான் வேண்டும். கிளையின் இயற்கை வளைவைப் பார்த்தே எந்த இடத்துக்கு என்று ஒதுக்கி வைப்பார்கள்.

மரத்தை அங்கே கொண்டுபோவதைவிட, மரம் இருக்கும் இடத்துக்கே வந்து கட்டிக்கொள்ளலாம் என்று யோசித்தவர்களும் உண்டு. கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் பேப்பூரில் அரபு முதலாளிகளுக்காக உரு என்னும் பெரிய மரக்கலம் கட்டும் தொழில் அப்படி வளர்ந்தது. இன்றும் கத்தார், அமீரகம் பக்கமிருந்து அங்கே ஆர்டர் வருகிறது.

படி 6: நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே என்ன நிறம்?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டுக்கு மேலே மரம் பழுப்பாகப் பளபளத்தால் அது சுறா எண்ணெய். கீழே வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்பும் ஆட்டுக்கொழுப்பும் சேர்த்துக் குழைத்த பூச்சு. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழுவைத் தடுக்க இது. சில மாதங்களுக்கு ஒருமுறை வற்றுநீரில் கலத்தைச் சாய்த்து, பழையதைச் சுரண்டி, மறுபடி பூசுவார்கள். இப்போது பெரும்பாலும் டின் பெயின்ட்தான்.

படி 7: இப்போது மேலே பார்க்கலாம்

பாய்மரம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதில் நீண்ட பருமல், அதாவது பாயைத் தாங்கும் குறுக்குமரம், சரிவாகத் தொங்க, அதிலிருந்து ஏறக்குறைய முக்கோணமான பாய் விரியும். முக்கோணத்தின் முன்மூலை மட்டும் சற்று வெட்டுப்பட்டிருக்கும். பெரிய கலத்தின் பருமல் ஒரே மரமாகக் கிடைக்காது, இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டுவார்கள்.

காற்றை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வாங்க இந்தக் கலங்கள் முகப்பைக் காற்றுக்குத் திருப்புவதில்லை. பின்பக்கத்தைத்தான் காற்றுக்குத் திருப்பும். அந்த நேரத்தில் பருமலைச் செங்குத்தாக நிறுத்தி, பாயோடு பாய்மரத்துக்கு முன்னால் சுற்றி மறுபக்கம் கொண்டுவரவேண்டும். இரவில், காற்று வலுத்திருக்கும்போது இதைச் செய்வதற்குத்தான் அத்தனை ஆட்கள். எல்லோரும் ஒரே தாளத்தில் இழுக்கப் பாட்டு வேண்டும். முத்துக்கலங்களில் பாடுவதற்கென்றே நஹ்ஹாம் என்று ஒருவரைக் கூட்டிப் போனார்கள்.

இன்று க்ரீக்கில் நிற்கும் கலத்தில் மரம் குட்டையாக இருந்தால் ஏமாறாதீர்கள். மோட்டார் வந்த பிறகு அது பாய் ஏற்ற அல்ல, சரக்கு தூக்க நிற்கிறது.

படி 8: தளத்தில் நின்று காதையும் திறந்து வையுங்கள்

தளத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் மண் நிரப்பி வைத்திருந்தால் அதுதான் சமையலறை. பின்பக்கம் கடலுக்கு மேலே தொங்கும் சின்னப் பெட்டி கழிப்பறை. வேறு வசதி எதுவும் இல்லை, சரக்கின் மேலேதான் தூக்கம்.

கலத்தின் தலைவர் நாகுதா. வழி காட்டுபவர் முஅல்லிம். அந்தச் சொல்தான் தமிழில் மாலுமியாயிற்று. அவர் திருப்பும் சுக்கானும் அரபு "சுக்கான்" அப்படியே. கலாசி என்பதும் அங்கிருந்து வந்ததே. நம் துறைமுகங்களுக்கு இவர்கள் எத்தனை நூற்றாண்டு வந்துபோயிருந்தால் இந்தச் சொற்கள் இப்படி ஊரோடு ஒட்டியிருக்கும்!

முஅல்லிம் கையில் கமால் என்றொரு சிறு பலகை இருக்கும். பலகையின் நடுவில் கோத்த, முடிச்சுப் போட்ட நூல். முடிச்சைப் பல்லில் கடித்து, நூலை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானிலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்துவார். நட்சத்திரம் எவ்வளவு உயரமோ அதுதான் நீங்கள் இருக்கும் அட்சரேகை. அளவு "இஸ்பா", அதாவது விரல். ஒரு விரல் கிட்டத்தட்ட 1.6 பாகை. ஓட்டத்தின் அளவு "ஸாம்", மூன்று மணி நேரம். நம் சாமத்துக்கு உறவு என்றே தோன்றுகிறது. எட்டு ஸாம், அதாவது ஒரு முழுநாள் வடக்கே ஓடினால் நட்சத்திரம் ஒரு விரல் ஏறும். நம் பக்கத்து மாலுமிகளிடமும் இதே பலகை இருந்தது, இராப்பலகை என்றார்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் 15-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தவர்களில் பெரியவர் ஜுல்ஃபார்க்காரரான அஹ்மத் இப்னு மாஜித். ஜுல்ஃபார்தான் இன்றைய ராஸ் அல் கைமா. வாஸ்கோட காமாவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கோழிக்கோட்டுக்கு வழி காட்டியவர் அவர்தான் என்று இன்னமும் நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. பாவம், அந்த மனிதர் மேல் வீண்பழி.

படி 9: எங்கே, எப்போது போவது

பாய் காலத்தில் காற்றுதான் கால அட்டவணை. வாடைக்காற்றில், நவம்பரிலிருந்து மார்ச் வரை, அரபுக் கரையிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு இறங்குவார்கள். ஏப்ரலில் தென்மேற்குக் காற்று தொடங்கியதும் திரும்புவார்கள். ஜூன், ஜூலையில் கடல் மூடிவிடும். இன்றைய பயணிக்கும் கிட்டத்தட்ட இதே அட்டவணைதான், வேறு காரணத்துக்காக. கோடையில் வளைகுடாக் கரையில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது.

சும்மா பார்க்க மட்டும் என்றால் துபாய் க்ரீக் போதும், காசும் இல்லை. வகை பிரித்துப் பார்க்க ஓமானுக்குப் போங்கள். மஸ்கட்டில் அல் புஸ்தான் ரவுண்டானாவில் சோஹார் நிற்கிறது. காரில் போனால் கண்ணிமைப்பதற்குள் கடந்துவிடும், நிறுத்திவிட்டு இறங்கி, தையலைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அங்கிருந்து தெற்கே சூர். அந்த ஊரில் 1951-இல் கட்டிய ஃபதஹ் அல் கைர் என்ற கன்ஜா இருக்கிறது. சுமார் 300 டன் சுமந்த கலம். ஏமனுக்கு விற்றுப்போனதை 1993-இல் திரும்ப வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

அதே ஊரில் கலம் கட்டும் பட்டறையும் உண்டு. நுழையும்போது சலாம் சொல்லிவிட்டு, கேட்டுவிட்டு உள்ளே போங்கள். செருப்பு தடிமனாக இருக்கட்டும், தரையெல்லாம் ஆணியும் சீவலும் கிடக்கும். கேமராவை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள், மரம் எந்த ஊர் என்று. அங்கே வேலை செய்பவர்களில் கேரளத்துக்காரர் இருக்க நிறைய வாய்ப்பு. தமிழில் கேட்டாலும் பதில் வரும்.